பாரிஸில் நான் அவளிடம் மறைத்த பகல்

என் மனைவி எந்த நாட்டில் இப்போது எத்தனை மணி என்று தானாகக் கணக்குப் பார்த்ததே இல்லை. அதற்கு நான் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருடம் புவியியல் படிப்பித்தவன். தீர்க்கரேகையும் நேர வலயமும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பாடங்கள். ஓக்லாந்துக்கு வந்த பிறகு, லண்டனுக்கு எடுப்பதென்றாலும் கொழும்புக்கு எடுப்பதென்றாலும் "இப்ப அங்க எத்தனை மணியப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் தொலைபேசியைத் தொடுவாள். அந்த நம்பிக்கையை ஒரேயொரு நாள் நான் ஏமாற்றினேன். நாங்கள் பாரிஸைச் சுற்றிப் பார்த்த முதல் நாள் அது. இரண்டாவது நாள் என்று ஒன்று இருக்கவில்லை.

அவளுக்கு ஓர் அண்ணா மட்டுமே இருந்தார். தகப்பன் இல்லாத வீட்டில் அவளைப் படிப்பித்து, எனக்குக் கட்டித் தந்து, பிறகு எங்களை நியூசிலாந்துக்குக் கூப்பிட்டதும் அவர்தான். அவர் மனைவியோடும் மகனோடும் ஓக்லாந்தின் தெற்குப் புறநகரான மனுரேவாவில் இருந்தார். நாங்கள் அதே நகரின் இன்னொரு பக்கம், மவுண்ட் ரோஸ்கில்லில். அண்ணா சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவள் அவருக்கு எடுப்பாள். பெரிய கதை ஒன்றும் இராது. என்ன சாப்பிட்டீங்கள், கால் வீக்கம் வத்தினதோ, அவ்வளவுதான்.

பாரிஸ் அவளுடைய ஆசையல்ல, என்னுடையது. இளவயதில் அந்த நகரத்தின் வரைபடத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். எந்தப் பாலத்துக்குப் பிறகு எந்தப் பாலம் என்று ஒழுங்காகச் சொல்வேன். வாழ்க்கை என்னை ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் பெட்டி எண்ண விட்டது. ஓய்வு பெற்றதும் போவோம் என்றிருந்தேன். இரண்டு தடவை டிக்கெட் எடுத்தோம். இரண்டு தடவையும் மைத்துனருக்குக் கடுமையாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாங்கள் பயணத்தைக் கைவிட்டோம். இரண்டு தடவையும் அவர் ஒரு கிழமையில் வீட்டுக்கு வந்து புட்டும் மீன்குழம்பும் கேட்டார். நான் சிரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். உள்ளுக்குள் எனக்கு என்ன இருந்தது என்பதை இப்போது எழுதுவதில் வெட்கமில்லை. அவர் மேல் கோபம் இருந்தது. சாகக்கிடந்த ஒரு மனிதர் மேல்.

மூன்றாவது தடவை அவரே வற்புறுத்தினார். "போட்டு வாங்கோ மச்சான். நீங்கள் வருமட்டும் நான் ஒரு இடமும் போகமாட்டன். போகவெளிக்கிட்டாலும் இவன் கார்த் திறப்பைக் கையில தரமாட்டான்" என்று மகனைக் காட்டிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் வாசல்வரை வந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அது ஜூலை மாதம். முன்னிரவில் பாரிஸுக்கு வந்து, வடக்கு ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். காலை எட்டு மணிக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தபோது என் தொலைபேசியில் மருமகன், அதாவது மைத்துனரின் மகன், அனுப்பிய செய்தி வந்தது. வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அப்பாவுக்கு மிகவும் சுகமில்லை, டாக்டர்கள் சில மணித்தியாலம் என்று சொல்கிறார்கள், மாமியை உடனே எடுக்கச் சொல்லுங்கள் என்பதுதான் அதில் இருந்தது.

எங்கள் ஆட்கள் மரணத்தை நேராகச் சொல்வதில்லை. அதுவும் தூரத்தில் இருப்பவருக்கு, பயணத்தில் இருப்பவருக்குச் சொல்வதே இல்லை. என் தகப்பனார் இறந்தபோது நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தேன். வந்த தந்தியில் தகப்பனாருக்குக் கடுமை, உடனே வரவும் என்றுதான் இருந்தது. ரயிலில் ஏறும்போதே அவர் போய்விட்டார் என்று எனக்குத் தெரியும். தந்தி கொடுத்தவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். செத்தவரை இன்னும் சில மணித்தியாலம் வார்த்தையில் உயிரோடு வைத்திருப்பது எங்கள் வழக்கம். நானே அப்படி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அந்தச் செய்தியை வாசித்தவுடன் மைத்துனர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். இனி அவளுக்கு இப்போது சொன்னால் என்ன, பின்னேரம் சொன்னால் என்ன? போனவர் திரும்பி வரப்போவதில்லை. அவள் ஒரு பகலாவது நிம்மதியாக இந்த நகரத்தைப் பார்க்கட்டும். இப்படித்தான் எனக்கு நானே சொன்னேன்.

ஆனால் மருமகன் ஓக்லாந்தில் பிறந்தவன். முப்பத்துநான்கு வயது, எஞ்சினியர். அவனுக்கு எங்கள் சுற்றிவளைப்பு ஒன்றும் தெரியாது. மழை பெய்தால் மழை என்பான், செத்தால் செத்தார் என்பான். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் இன்னொரு எண்ணமும் ஓடியது. முந்தி இரண்டு தரம் தப்பியவர்தானே, இந்தத் தரமும் தப்புவார். அவர் செத்துவிட்டார் என்றும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்றும் ஒரே நேரத்தில் நம்பினேன். எதை நம்பினாலும் எனக்கு அந்தப் பகல் கிடைத்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாவுக்கு ஒருக்கா எடுத்துத் தாங்கோவன். வந்து சேர்ந்திட்டம் எண்டு சொல்லுவம்."

"இப்ப அங்க விடியப்புறம் மூண்டு மணி. மனுசன் நித்திரை."

உண்மையில் ஓக்லாந்தில் அப்போது பின்னேரம் ஆறு மணி. பத்து மணித்தியால வித்தியாசம். கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய கணக்கு.

"அப்ப பிறகு எடுப்பம். மறந்திடாதேங்கோ" என்றாள்.

அவளுடைய தொலைபேசி வெளிநாட்டில் வேலை செய்யாது. விடுதியின் வைஃபை இருந்தால்தான் உண்டு. இரகசிய எண்ணை நான் போட்டுத் தருவதாக இருந்தது. வைஃபை பழுதாம் என்று சொல்லி, அவளுடையதை அறையிலேயே வைக்கச் செய்தேன். நான் வாங்கிய ஐரோப்பிய சிம் என்னுடையதில் இருந்தது. பாரிஸில் கள்வர் அதிகம் என்று சொல்லி, அதைச் சட்டையின் உள்பைக்குள் போட்டு பொத்தானைப் பூட்டினேன். ஒலியை நிறுத்தியிருந்தேன். அதிர்வை நிறுத்த மறந்துவிட்டேன்.

பாதாள ரயிலில் இருந்து இறங்கி, ஆற்றுக்கு நடுவே இருக்கும் தீவுக்குப் போனோம். பெரிய தேவாலயத்துக்கு முன் வரிசை நீண்டிருந்தது. நெருப்புப் பிடித்துத் திரும்பக் கட்டியது என்று அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கையில் நெஞ்சுக்கு மேல் தொலைபேசி அதிரத் தொடங்கியது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கூரை எவ்வளவு உயரம், எத்தனை மரம் வெட்டினார்கள் என்றெல்லாம் நான் பலத்துக் கதைத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனதும் அவள் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக் கொளுத்தினாள். நாங்கள் சைவம். எங்கே கும்பிட்டாலும் சாமிதான் என்பாள். கண்ணை மூடி நின்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வெளியே பாலத்தில் நின்று இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள். அண்ணாவுக்கு அனுப்ப. மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண்ணிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். நாங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அந்தப் பெண் இரண்டு படம் எடுத்தாள். மூன்றாவதுக்கு அசையாமல் நிற்கச் சொன்னவள், திரையைப் பார்த்து, உங்களுக்கு யாரோ எடுக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் போய்ப் பறித்தது மாதிரி வாங்கினேன். திரையில் மருமகனுடைய முகம்.

"ஆரப்பா?"

"காப்புறுதிக் கொம்பனிக்காரர். சும்மா கரைச்சல்."

"அந்தப் பிள்ளைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வாறீங்கள்" என்று அவள் என்னை ஏசினாள். திரும்பிப் போய்த் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னாள்.

பதினொரு மணியளவில் ஒரு கழிப்பறைக்குள் நின்று தொலைபேசியைப் பார்த்தேன். ஆறு அழைப்புகள் தவறியிருந்தன. ஒரு குரல் செய்தியும் இருந்தது, முப்பத்தெட்டு விநாடி. அதுவும் மருமகனிடமிருந்துதான். அவன் அழுதுகொண்டு அப்பா போய்விட்டார் என்று சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். அதைக் கேட்டால் பிறகு முகத்தை வைத்திருக்க முடியாது. கேட்கவில்லை. வந்திருந்த எழுத்துச் செய்திகளையும் திறக்காமல், அதிர்வையும் நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் ஆற்றங்கரை ஓரமாகக் கடைகள் பார்த்தாள். ஒரு கடையில் கம்பளித் தொப்பிகள் இருந்தன. கருநீலத்தில் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள். டயலிசிஸுக்குப் போகிற நாட்களில் அவருக்குக் குளிர் தாங்குவதில்லை, அந்த அறையில் குளிரூட்டி வேறு என்றாள்.

"அண்ணான்ர தலை உங்கட தலையிலும் பெரிசோ?"

"கொஞ்சம்."

"ஒருக்கா போட்டுக் காட்டுங்கோ பாப்பம்."

நான் அந்தத் தொப்பியைப் போட்டேன். வெயிலில் நின்றுகொண்டு, செத்துவிட்டார் என்று நான் நம்பிய ஒருவருக்கான தொப்பியை என் தலையில் போட்டேன். அவள் இரண்டு கையாலும் காதுவரை இழுத்துவிட்டு, பின்னால் போய் நின்று பார்த்தாள். இறுக்கம் இல்லையே, காது மூடுதே என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். கடைக்காரர் கண்ணாடியைப் பிடித்தார். அதில் பார்த்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. சாதாரண முகம்தான். ஒன்றுமே தெரியவில்லை அதில்.

பிறகு ஒரு மர வாங்கில் உட்கார்ந்து பாணும் சீஸும் சாப்பிட்டோம். ஒன்றரை மணியிருக்கும். என் பொய்க்கணக்கு என்னையே பிடித்துக்கொண்டது.

"இப்ப அங்க விடிஞ்சிருக்கும். எட்டு, எட்டரை இருக்குமே? எடுங்கோ, அண்ணா எழும்பியிருப்பார்."

"டயலிசிஸுக்குப் போயிருப்பார்."

"இண்டைக்குச் செவ்வாயெல்லோ? அண்ணாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி."

"அங்க இப்ப புதன். எங்களுக்கு முதல் விடியுமெல்லே."

அவள் சற்று யோசித்தாள். பிறகு, "சரி, நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று மடியில் இருந்த பாண் துகள்களைத் தட்டிவிட்டாள். ஓக்லாந்தில் அது இன்னும் செவ்வாய்தான். இரவு பதினொன்றரை.

மூன்று மணிக்கு இரும்புக் கோபுரத்தின் அடியில் வரிசையில் நின்றோம். பையைச் சோதித்தார்கள். மீண்டும் வரிசை. மின்தூக்கியில் ஏறி இரண்டாவது தட்டில் இறங்கியபோது நாலு மணியாகியிருந்தது. அவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். காற்றில் சால்வை பறந்தது. நான் அவளுக்குப் பின்னால் நின்று தொலைபேசியை எடுத்தேன்.

செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒன்பதரைக்கு அனுப்பியது: அப்பா முழிப்பாக இருக்கிறார், மாமியைக் கேட்கிறார். பத்தரைக்கு: மாமா, தயவுசெய்து எடுங்கள். பதினொன்றுக்கு, குரல் செய்திக்குக் கீழே: இது அப்பா பேசியது, மாமிக்குப் போட்டுக் காட்டுங்கள். பன்னிரண்டுக்கு: அவர் இப்போது கண் திறப்பதில்லை, ஆனால் கேட்கும் என்று தாதி சொல்கிறார், போனைக் காதில் வைக்கலாம். கடைசிச் செய்தி மூன்றரைக்கு வந்திருந்தது. அப்பா ஒன்று இருபதுக்குப் போய்விட்டார். நாங்கள் காத்திருந்தோம். ஒன்று இருபது ஓக்லாந்து நேரம்; பாரிஸில் மூன்று இருபது, நாங்கள் கோபுரத்தின் அடியில் வரிசையில் நின்ற நேரம்.

அவர் காலையில் உயிரோடு இருந்தார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு கேட்டபோது உயிரோடு, நினைவோடு, தங்கச்சியைக் கேட்டுக்கொண்டு இருந்தார். நாங்கள் பாலத்தில் படத்துக்கு நின்றபோதும், தொப்பி அளவு பார்த்தபோதும் இருந்தார்.

"அந்தா அதுதானே காலமை போன கோயில்?" என்று அவள் கையை நீட்டினாள்.

ஓம் என்றேன். ஆறு வளைந்து போகிற விதத்தையும், வடக்கே குன்றில் தெரிகிற வெள்ளைக் கோபுரத்தையும் காட்டினேன். என் குரல் வகுப்பில் ஒலிப்பது போலவே ஒலித்தது. ஏறத்தாழ அரை மணித்தியாலம் அப்படியே விளங்கப்படுத்தினேன். நிறுத்தினால் சொல்ல வேண்டிவரும்.

கீழே இறங்கிப் புல்வெளியில் இருந்தபோது சொன்னேன். இப்பதான் செய்தி வந்தது என்றேன். அவள் அழவில்லை. முதலில் ஒன்றுதான் கேட்டாள்.

"என்னைக் கேட்டவரோ?"

"இல்லை. நித்திரையிலயே போயிட்டாராம்."

அந்தப் பகலில் நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. மற்றவற்றுக்கெல்லாம் ஒரு மூடத்தனமாவது காரணமாக இருந்தது. இதற்கு என் பயம் மட்டுமே காரணம்.

அடுத்த நாளே புறப்பட்டு ஓக்லாந்துக்கு வந்தோம். மரணச்சடங்கு மண்டபத்தில் மருமகன் என்னைத் தனியே கூப்பிட்டான். ஏன் எடுக்கவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டான். அங்கே சிக்னல் இருக்கவில்லை என்றேன். பாரிஸ் நேரம் எட்டு மணிக்கே, வாசித்ததற்கு அடையாளமான இரண்டு நீலக்கோடு செய்தியில் விழுந்துவிட்டது என்றான் அவன். உள்ளே போய்த் தாயின் பக்கத்தில் நின்றான். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் செலவுக்கு, அதாவது இறந்தவருக்குப் படைக்கிற சடங்குக்கு, மனுரேவாவில் அவர் வீட்டுக்குப் போனோம். படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மைத்துனரின் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

"ஆறு மணியில இருந்து உன்னைத்தான் கேட்டவர் மச்சாள். தங்கச்சி இப்ப எடுப்பாள், இப்ப எடுப்பாள் எண்டு போனை நெஞ்சில வைச்சுக்கொண்டு கிடந்தார். நான் சொன்னனான், அவையள் ஊர் பாக்கப் போயிருப்பினம் எண்டு. சரி, பாக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டு, திரும்பவும் கேட்டார்."

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். செலவு வீட்டில் மிச்சம் வைக்கக் கூடாது.

திரும்பி வருகையில் நான் கார் ஓட்டினேன். ஒனிஹங்காவுக்கு முன் பெரிய பாலத்தில் ஏறியபோது, நீரைப் பார்த்தபடி கேட்டாள்.

"இஞ்ச பின்னேரம் ஆறு மணி எண்டால் பாரிஸில எத்தனை மணி?"

"காலமை எட்டு."

"நான் குளிச்சிட்டு வந்து உங்களைக் கேட்ட நேரம்."

"ஓம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செத்துவிட்டார் என்று நினைத்தேன், எங்கள் ஆட்கள் அப்படித்தானே எழுதுவார்கள் என்றேன். அது முழு உண்மை இல்லை, அந்தப் பகல் எனக்கு வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். குரல் செய்தியைப் பற்றியும் சொன்னேன்.

எங்கள் வீதிக்குத் திரும்பும்போது அவள் சொன்னாள். "செத்திட்டார் எண்டு நினைச்சுக்கொண்டும் அந்தத் தொப்பியைத் தலையில போட்டுக் காட்டினீங்கள்."

நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தியதும் அவள் கையை நீட்டினாள். தொலைபேசியைக் கொடுத்தேன். "நீங்கள் உள்ள போங்கோ" என்றாள். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்க் கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. முப்பத்தெட்டு விநாடிச் செய்தி அது. அவள் முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாள். தொலைபேசியை மேசையில் வைத்தாள். அந்தச் செய்தியைத் தன்னுடையதற்கு அனுப்பிவிட்டு என்னுடையதிலிருந்து அழித்திருந்தாள். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாயில்லை.

"அண்ணான்ர பிள்ளையிட்ட நீங்களே போய்ச் சொல்லோணும். உங்களுக்காக நான் சொல்லமாட்டன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தனியாக மனுரேவாவுக்குப் போனேன். மருமகன் கதவைத் திறந்தான். வாசலிலேயே நின்று சொன்னேன். சிக்னல் இருந்தது, உன் செய்தியை எட்டு மணிக்கே வாசித்தேன், வேண்டுமென்றே சொல்லவில்லை என்றேன். அவன் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியும் என்று சொன்னான், கோபமில்லாத குரலில். பிறகு, தமிழில், சொற்களைத் தேடித் தேடிக் கேட்டான்.

"அப்பா கதைச்சது... மாமி கேட்டவவோ?"

"கேட்டவ."

"அது காணும்" என்றான். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. நான் காருக்குப் போகும்வரை வாசலில் நின்றுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினான்.